கழுத்து ஈரம்

எமர்ஜென்சி வந்ததிலிருந்து ரயிலெல்லாம் நேரத்துக்கு வருகிறது சார். நல்லதுதான். ஆனால் ரயில் நேரத்துக்கு வராத காலத்தில்தான் நான் ஓடப் பழகினேன். கவரைப்பேட்டை ஸ்டேஷனில் நின்று எட்டிப் பார்ப்பேன், வண்டி வருகிற அடையாளமே இருக்காது. சங்கு ஊதிவிட்டால் ஆலைக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதனால் கல்கத்தா ரோட்டைப் பிடித்து ஓட ஆரம்பித்துவிடுவேன். கும்மிடிப்பூண்டியில் கேட்டுக்குள் நுழையும்போது எனக்கு மூச்சு வாங்காது. பேசிக்கொண்டே போக முடிகிற அளவுக்குத்தான் முதல் பாதியில் ஓடவேண்டும், அதற்குமேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். எடுத்த எடுப்பில் பாய்கிறவன் பாதி வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பான்.

தாவீதுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அவன் சாவில் சந்தேகம் என்று அவன் அக்கா ஞானம்மா போலீஸ் என்று உங்களிடம் வந்து புகார் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

தாவீதும் நானும் உலைப்பக்கத்தில் ஜோடி. இரும்பு உருக்குகிற இடத்தில் யாரும் தனியாக நிற்கக்கூடாது. ஒருவன் உலையைப் பார்ப்பான், இன்னொருவன் அவன் கழுத்தைப் பார்ப்பான். கழுத்தில் வியர்வை ஓடுகிறவரை கவலையில்லை. வியர்வை நின்று தோல் காய்ந்துவிட்டால் ஆள் விழப்போகிறான் என்று அர்த்தம். விழப்போகிறவனுக்கு அது தெரியாது, குளிர்கிற மாதிரிகூட இருக்கும். ஜோடிக்காரன்தான் அவனை வெளியே இழுத்துப்போட்டுத் தண்ணீர் ஊற்றவேண்டும். வேலைக்கு நடுவில் "கழுத்து?" என்று கேட்போம். நனைந்திருந்தால் "ஈரம்" என்று மற்றவன் சொல்லவேண்டும். அந்தச் சொல்லை நம்பித்தான் உலைமுன் நிற்கிறோம். போன கோடையில் தாவீது என்னை அப்படி ஒரு தடவை இழுத்துப்போட்டிருக்கிறான். நன்றி மறக்கிறவன் இல்லை நான்.

நாங்கள் இரண்டு பேருமே டெம்பரவரி. எந்தக் காலையிலும் கேட்டில் நிறுத்தி "நாளைக்கு வராதே" என்று சொல்லிவிடலாம். எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். ஆண்டு விழாவுக்குக் கவரைப்பேட்டையிலிருந்து ஆலைக் கேட் வரை ஓட்டப்பந்தயம், ஜெயிக்கிற டெம்பரவரிக்குப் பர்மனென்ட் என்று மேனேஜர் அறிவித்தார். அன்றைக்கே என் சம்சாரம் கோவிந்தம்மா அம்மனுக்குப் பொங்கல் வேண்டிக்கொண்டாள். எனக்காகவே வைத்த பந்தயம் என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் தாவீது வந்து நின்றான். "லோகண்ணா, எனக்கும் ஓடக் கத்துக்குடு. உன் கூடவே வரேன்."

எதற்கு என்று கேட்டேன். சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு முதல் சந்தேகம் விழுந்தது.

என்னைவிடச் சின்னவன், நெட்டைக் கால். நினைத்தால் என்னை முந்தலாம். ஆனால் தினமும் ஒரு எட்டு பின்னாலேயே வந்தான். "முந்திப் போயேன்டா" என்றால், "வோணாண்ணா, உன் பின்னாலயே நல்லாத்தான் கீது" என்பான். என் மூச்சை அளக்கிறான் என்று புரிந்துகொண்டேன். ஒருநாள் போர்மேன் அருணாச்சலத்திடம் எதையோ குசுகுசுத்துக்கொண்டிருந்தவன், என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான். இன்னொரு நாள் வீட்டுக்கு வந்து என் பெண்களுக்கு முறுக்கு கொடுத்தான். காரியம் இல்லாமல் யார் சார் முறுக்கு கொடுக்கிறார்கள்? சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோவிந்தம்மாவிடம் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம். அந்தப் புள்ள இன்னாய்யா பண்ணிச்சு உன்னை?" என்றாள். அவளுக்கு ஓட்டம் தெரியாது. கடைசிவரை பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து, கேட் கண்ணில் பட்டதும் முந்துகிறவன்தான் கெட்டிக்காரன். அந்த வித்தையையும் நான்தான் அவனுக்குச் சொல்லித் தொலைத்திருந்தேன்.

விழாவுக்குத் தலைமை தாங்குகிறவர் தாமதமாக வந்தார். வெயில் ஏறுவதற்குள் முடியவேண்டிய பந்தயம், சித்திரை வெயிலில் தார் இளகுகிற நேரத்துக்குத்தான் கிளம்பியது. ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிற்றைப் பிடிக்கும் என்று தாவீதிடம் சொல்லிவைத்திருந்தேன். ஊரில் எல்லோரும் சொல்கிறதுதான். வழியில் வைத்திருந்த பீப்பாயில் நான் மட்டும் அள்ளிக் குடித்தேன். எனக்குப் பழகின வயிறு என்றேன். சரிண்ணா என்றான்.

பாதிக்குமேல் நாங்கள்தான் முன்னால். பின்னாலிருந்து இன்னொரு டெம்பரவரி அரசப்பன் ஏறி வரும்போதெல்லாம் தாவீது குறுக்கே போய் அவனை மறித்தான். என்னைத் தோற்கடிக்கிற உரிமை தனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அவன் காலடிச் சத்தம் என் முதுகிலேயே விழுந்துகொண்டிருந்தது. பொறுக்க முடியவில்லை. லாரி ஷெட் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து அவனை முன்னால் விட்டேன்.

அப்போது அவன் கழுத்தைப் பார்த்தேன். அவன் திரும்பாமலே ஏதோ கேட்டான், நான் பதில் சொன்னேன். அவன் வேகத்தைக் கூட்டினான்.

கேட் தெரிகிற இடத்தில் விழுந்தான். நான் நிற்கவில்லை. பந்தயத்தில் நிற்கிற வழக்கம் இல்லை. நாடாவை அறுத்தேன், மாலை போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே அவன் உயிர் போய்விட்டது. வெயில் என்றார்கள். வெயில்தான்.

கல்லறைத் தோட்டத்தில் ஞானம்மா என் எதிரில் வந்து நின்றாள். அழவில்லை. "லோகண்ணனுக்கு ரெண்டு பொண்ணு கீது, நான் ஒண்டிக்கட்டை, எனக்கு இன்னாத்துக்குப் பர்மனென்ட்டு? வேற எவனும் அண்ணனை முந்தாம பின்னாலயே காவலு ஓடப்போறேன்னு சொல்லிக்கினுதான் போனான். போர்மேன் கைல கூட அதைத்தான் சொன்னானாம். நீ அவன் ஜோடியாச்சே. ஒரு வாட்டி அவன் கழுத்தப் பாக்கலியா?"

பார்க்கவில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

இன்றைக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன் சார். கழுத்து காய்ந்திருந்தது. உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கால் பின்னத் தொடங்கியிருந்தது. அவன் கேட்டது, "லோகண்ணா, கழுத்து?" நான் சொன்னது, "ஈரம்டா. இன்னும் கூட்டு." உலைமுன் நிற்கிறவன் ஜோடியை எப்படி நம்புவானோ, அப்படியே நம்பி ஓடினான். தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். காவல் ஓடப்போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தானே, கேட் கண்ணில் பட்ட பிறகும் அவன் பின்னாலேயே வந்திருப்பான் என்று நீங்கள் நம்புகிறீர்களா? எனக்கென்னவோ இன்னும் அவன்மேல் சந்தேகமாகத்தான் இருக்கிறது.