மூட்டை தூக்குற ஷாட்

மகள்: அப்பா, கேமராவைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க.

அப்பா: உன்னைத்தான் தினம் பாக்கறேனே. இதை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

மகள்: சரி, மறுபடியும். இந்த குடோன்ல நீங்க என்ன வேலை செய்யறீங்க?

அப்பா: மாவு மூட்டை... லாரி வரும். இறக்குவோம், அடுக்குவோம். வேற லாரி வரும். ஏத்துவோம்.

மகள்: எல்லாரையும் சொல்ல வேணாம்ப்பா. நீங்க என்ன செய்யறீங்க?

அப்பா: எல்லாரும் செய்யறதைத்தான்.

மீசை: உங்கப்பன் இப்படித்தான் பாப்பா. உனக்குப் பசிக்குதாடான்னு கேட்டாக்கூட, எங்களுக்கெல்லாம் பசிக்குதுன்னுதான் சொல்லுவான். கூட வேலை செய்யற எனக்குத் தெரியாதா.

மகள்: மீசை மாமா, நீங்க பேசினா உங்க குரலும் பதிவாகும்.

மீசை: ஆகட்டும். என் குரலாவது காலேஜுக்குப் போயிட்டு வரட்டும்.

மகள்: விளையாடாதீங்க மாமா. கேமராவைச் சாயங்காலத்துக்குள்ள டிபார்ட்மென்ட்ல திருப்பிக் குடுக்கணும். நாளைக்குப் படத்தைப் போட்டுக் காட்டணும். இதுல விழுந்தா டிகிரியே இல்ல.

மீசை: அது என்ன டிகிரி... டிவியில செய்தி வாசிக்கறதா?

மகள்: மீடியா அண்ட் கம்யூனிகேஷன்.

மீசை: வாயில நுழையலை. படம் பிடிக்கறதுக்கு மூணு வருஷமா? எங்க தெருவுல கல்யாண வீட்டுக்குப் படம் பிடிக்கறவன் மூணு மாசத்துல கத்துக்கிட்டான்.

மகள்: மாப்பிள்ளை அழுதா அவரு வெட்டித் தூரப் போட்டுடுவாரு. நாங்க அதைத்தான் வெச்சுக்குவோம்.

அப்பா: கேக்கறவங்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொல்றேன். பேப்பர்ல எழுதுவா, ரேடியோவுல பேசுவா, விளம்பரம் எடுப்பா... ஏதாச்சும் ஒண்ணு பண்ணுவான்னு.

மகள்: பண்ணிட்டுத்தான் இருக்கேன். எங்கே, ஒரு மூட்டையைத் தூக்குங்க. அந்த ஒரு ஷாட் போதும்.

அப்பா: இப்பவா... சட்டை அழுக்கா இருக்கே.

மகள்: அழுக்குதான் வேணும்.

அப்பா: லாரி இன்னும் வரலை.

மகள்: உங்க பின்னாடி ரெண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கு.

அப்பா: அதைக் கலைச்சா சூப்பர்வைசர் கத்துவாரு.

மகள்: அவர்கிட்ட கேட்டுட்டேன். எதை வேணா எடுத்துக்கோன்னாரு.

அப்பா: வேற என்ன சொன்னாரு?

மகள்: வேற என்ன சொல்லணும்?

அப்பா: ஒண்ணுமில்ல...

மீசை: பாப்பா, இப்படிச் செய். உங்கப்பன் மூஞ்சியை எடுத்துக்கோ. மூட்டையை நான் தூக்கறேன், என் முதுகை எடுத்துக்கோ. ரெண்டையும் ஒட்டிடு. மாவு பட்டா எல்லா முதுகும் ஒரே முதுகுதான்.

அப்பா: நல்ல யோசனை. சினிமாவுல சண்டையெல்லாம் அப்படித்தானே எடுக்கறாங்க.

மகள்: இது சினிமா இல்லப்பா. ஆவணப்படம்.

அப்பா: என்ன வித்தியாசம்?

மகள்: இதுல பொய் இருந்தா மார்க் கிடையாது.

மீசை: சினிமாவுல?

மகள்: பொய் இல்லன்னா டிக்கெட் போகாது.

மீசை: கேட்டியாடா? நாம ரெண்டு பேரும் இத்தனை மாசமா சினிமாதான் ஓட்டிட்டு இருக்கோம்.

அப்பா: நீ சும்மா இரு.

மீசை: எவ்வளவு நாள்தான் சும்மா இருக்கறது? வழியில பாத்தா உன் பொண்டாட்டி, அவருக்கு இன்னிக்கு லோடு அதிகமாண்ணேன்னு கேக்குது. நானும் தலையை ஆட்டி ஆட்டி... கழுத்து வலிக்குதுடா.

அப்பா: டேய்...

மகள்: என்ன மாமா சொல்றீங்க?

மீசை: ஹாரன் சத்தம் கேக்குது. லாரி வந்துடுச்சு போல, வர்றேன்.

மகள்: ஹாரனே அடிக்கலையே...

அப்பா: அவன் போயிட்டான். விடு.

மகள்: அப்பா... கேமராவை நிறுத்தட்டுமா?

அப்பா: ...நிறுத்து.

மகள்: நிறுத்திட்டேன்.

அப்பா: தோள்பட்டை போயிடுச்சு பாப்பா. கையை மேல தூக்கினா நிக்க மாட்டேங்குது. ஒரு மூட்டை நழுவி மீசை காலடியில விழுந்துச்சு. நூலிழையில தப்பிச்சான். அதுக்கப்புறம் என்னை மூட்டைப் பக்கமே விடலை. துடைப்பத்தைக் குடுத்துட்டாங்க. சிந்தின மாவைக் கூட்டறேன், கிழிஞ்ச சாக்கைத் தைக்கறேன்.

மகள்: வீட்டுல ஏன் சொல்லலை?

அப்பா: உன்னைக் காலேஜ்ல சேக்கறப்போ, அப்பா என்ன வேலைன்னு அங்க கேட்டாங்க. என் அப்பா மூட்டை தூக்கறாருன்னு பட்டுனு சொன்ன. குரலைக்கூட இறக்கலை. கூட்டறாருன்னு அப்படிச் சொல்லுவியான்னு... எனக்குத் தெரியலை.

மகள்: அப்பா...

அப்பா: நாளைக்கு உன்கூடப் படிக்கறவங்க, வாத்தியாருங்க எல்லாம் பாப்பாங்க. துடைப்பத்தோட நான் வேணாம். மீசை முதுகையே ஒட்டிக்கோ. மார்க் குறைஞ்சா குறையட்டும்.

மகள்: அது முடியாதுப்பா. படம் நேத்தே எடுத்தாச்சு.

அப்பா: எதை?

மகள்: உங்களைத்தான். போன வாரம் காலேஜ் சீக்கிரம் விட்டுச்சுன்னு இங்க வந்தேன். ஜன்னல் வழியா பாத்தேன். பாத்துட்டு அப்படியே திரும்பிட்டேன். நேத்து அதே ஜன்னல்ல கேமராவை வெச்சேன். நீங்க குனிஞ்சு கூட்டறது, வெயில்ல மாவு பறக்கறது, ஊசியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு நூலைத் தேடறது... எல்லாம் இருக்கு.

அப்பா: அப்போ மூட்டையைத் தூக்கு தூக்குன்னு என்னை எதுக்கு இந்தப் பாடு படுத்தின?

மகள்: மறைஞ்சு நின்னு ஒருத்தரை எடுத்தா, அவங்க சம்மதம் இல்லாம காட்டக்கூடாதுப்பா. அதைத்தான் முதல் வருஷத்துலேயே சொல்லிக் குடுத்தாங்க. நீங்களா வாயைத் திறக்கறீங்களான்னு பாத்தேன். திறக்கலைன்னா எல்லாத்தையும் அழிச்சிடறதாத்தான் இருந்தேன்.

அப்பா: அழிச்சிட்டா டிகிரி?

மகள்: போகும்.

அப்பா: பைத்தியமா உனக்கு... அதை ஆன் பண்ணு. சம்மதம்னு சொல்லணும், அவ்வளவுதானே?

மகள்: அவ்வளவுதான். என்னப்பா... ஏன் அப்படிப் பாக்கறீங்க?

அப்பா: போன வாரம் ஜன்னல்ல உன்னைப் பாத்தேன் பாப்பா. நீ கூப்பிடுவன்னு நின்னேன். நீ பேசாம திரும்பிப் போயிட்ட. நீ வெக்கப்பட்டுட்டுப் போறன்னுதான் இத்தனை நாளா நினைச்சேன்... நீ கேமரா எடுத்துட்டு வரவா போன?