ராணியின் கால்

— நிறுத்துங்க தம்பி, நிறுத்துங்க! ராணி ஆத்துலேர்ந்து ஏறி வர்ற இடம். காலை என்ன பண்ணீங்க?

— கண்டுபிடிச்சிட்டீங்களேம்மா! மூஞ்சி பளபளன்னு இருக்கு, கால் மட்டும் கரிக்கட்டையா இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல கொஞ்சம் வெளுத்து விட்டேன். பழைய படத்தைப் புதுசாக்குறதுதானே என் வேலை?

— புதுசாக்கச் சொன்னா வெள்ளையடிச்சு வச்சிருக்கீங்க. கறுப்பு வெள்ளைப் படத்துல கறுப்பு மட்டும் ஆகாதாக்கும்?

— கோவிச்சுக்காதீங்கம்மா. அது டூப் காலு. ராணியம்மா தண்ணிக்குப் பயந்திருப்பாங்க, யாராச்சும் தோழியை இறக்கி விட்டிருப்பாங்க. ஆமா, "நானும் இந்தப் படத்துல இருந்தேன்"னு சொல்லிட்டு வந்தீங்களே, தோழியாத்தானே?

— என்னைப் பாத்தா தோழின்னுதான் தோணுது, இல்ல?

— ஐயோ, தப்பா சொல்லலம்மா. அந்தக் காலத்து ராஜா ராணி படத்துல அதானே வழக்கம்? சிவப்பா இருந்தா சிம்மாசனம், கறுப்பா இருந்தா சாமரம்.

— சாமரம் வீசுறவளுக்கும் பூசுவாங்க தம்பி. வில்லனோட அடியாளைத் தவிர அரண்மனையில கறுப்பா ஒரு ஆளு இருக்கக்கூடாது. மூஞ்சி, கழுத்து, கை, கால்னு மேக்கப் அண்ணன் பூசி முடிக்கறதுக்குள்ள வெயில் ஏறிடும். சிரிச்சா பூச்சு வெடிச்சிடும். நான் சிரிச்சுத் தொலைப்பேன். "மகராசி, என்னைக் கொல்லாதே"ம்பாரு. என்ன மனுஷன்! இப்பவும் அந்தப் பவுடர் வாசனை வந்தா என்னை அறியாம மூஞ்சியைத் தொடைச்சுக்குவேன்.

— அப்ப இந்தக் கால்ல மட்டும் பூசலையா?

— பூசினாங்க. ஆத்துல கரைஞ்சு போச்சு. வெளிச்சம் போகுதுன்னு அப்படியே எடுத்துட்டாங்க. யாரும் கவனிக்கல, எங்கம்மாவைத் தவிர.

— அம்மாவா?

— ஆச்சரியமா இருக்கட்டும்னு என்ன வேஷம்னு சொல்லாமலே தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். பக்கத்துல உக்காந்து, "நீ எப்படி வருவே, எப்படி வருவே"ன்னு ஒரே நச்சரிப்பு. "படத்தைப் பாரும்மா"ன்னேன். இந்தக் கால் வந்துச்சு பாருங்க, எந்திரிச்சு நின்னு, "என் பொண்ணு காலு! என் பொண்ணு காலு!"ன்னு கத்தினாங்க. பின்னாடி இருந்தவன் திட்டுறான், அம்மா உக்காரவே இல்ல. நான் அழுதுட்டேன். அதை அழிச்சிடாதீங்க தம்பி. அந்தப் படத்துல எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்.

— அழிக்கலம்மா. இதோ, பழையபடி மாத்திட்டேன், பாருங்க. ஆனா ராணிக்கு எப்படி இந்தக் கால்னு முதலாளி கேப்பாரே? டூப்புன்னே சொல்லிடவா?

— அந்த ராணி நான்தான்னு சொல்லுங்க. மூஞ்சி பூச்சு, குரல் இரவல். கால் மட்டும்தான் எங்கம்மா பெத்தது.