மூணு வாரத் தூசி

இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். ராணுவத்துக்குச் சாட்டிலைட் செய்யிற யுனிவர்சிட்டி லேப்பு… ஒரு நாற்காலி நேரா நிக்கல! கேட்டா, "எழுதிக் குடும்மா"ங்கிறாங்க.

நீங்க தூசி விசாரணைக்குத்தானே வந்திருக்கீங்க? நல்லா விசாரிங்க! ஒரு பொட்டுத் தூசி இருக்கக்கூடாத ரூமு சார் உள்ள; மூணு வாரமா அங்க தூசி எண்ணுற மெஷின் கீ கீன்னு கத்துது. சாட்டிலைட்டுக்குப் போற பெரிய கண்ணாடி மேல வெள்ளையாப் படியுதாம். மேலருந்து பாத்து, கடல்ல போற கப்பலை எண்ணுற கண்ணாடியாம் சார்! கப்பலை எண்ணுவாங்களாம்… மூக்கு முன்னால விழுற தூசி எங்கருந்து வருதுன்னு தெரியல! கூரையப் பிரிச்சாங்க. ஏசியக் கழட்டினாங்க. வழுக்கைப் புரொபசர் சுவத்தை மோந்து பாத்தாரு… மோந்து! அந்தாளுக்கு ரெண்டு டாக்டர் பட்டம் வேற.

கடைசில யார் தலையில கட்டினாங்க? கண்ணாடி துடைக்கிற பொண்ணு தலையில. இன்னிக்குச் சாயந்தரம் அவளை வேலைய விட்டு அனுப்புறாங்களாம். மூச்சைப் புடிச்சுக்கிட்டுத் துடைக்கிறவ சார் அவ! வாயத் தொறந்து ஒரு வார்த்தை எதுத்துப் பேசமாட்டா. அதான் இவனுங்களுக்கு இளக்காரம்.

உள்ள போறவங்களுக்கு உடுப்பும் பூட்ஸும் எடுத்துக் குடுக்கிறது என் வேலை, இந்தாங்க உடுப்பு. தலையோட சேத்து மூடிக்கணும். பூட்ஸ் என்ன சைஸு, ஒம்பதா? இந்தப் புது பூட்ஸ் வந்தப்போ இவங்க ஆட்டத்தப் பாக்கணுமே! "காலு நுழையல… கடிக்குது… நாறுது…" ராக்கெட்டுக்குள்ள என்னென்னமோ நுழைக்கிறவங்களுக்கு பூட்ஸுக்குள்ள காலை நுழைக்கத் தெரியல! போய்த் தொலையட்டும்னு நான்தான் தெனம் காலைல வீட்டு வாசனைப் பவுடரை ரெண்டு ரெண்டு சிட்டிகை ஒவ்வொண்ணுலயும்… போட்டுப் பாருங்க, வழுக்கிக்கிட்டுப் போகும். ஒருத்தர் நல்லாருக்கும்மான்னு சொல்லணுமே? ம்ஹூம்.

என்ன சார், போடாம பூட்ஸைக் கவுத்துப் புடிச்சுத் தட்டுறீங்க? அந்தக் கறுப்பு மேஜைய இப்பத்தான் தொடச்சேன்… அடடா, வெள்ளையா…

புது பூட்ஸ் வந்து எத்தன நாளா? இருக்கும்… ஒரு… மூணு வாரம்.

அய்யய்யோ.

நடக்க நடக்க புஸ்ஸு புஸ்ஸுன்னு வெளிய வந்திருக்குமே…

எந்திரிக்காதீங்க சார், ஒரு நிமிஷம். அந்தப் பொண்ணு பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதிக்குங்க. இந்தாங்க, பவுடர் டப்பா. பாதிதான் இருக்கு. மீதிய எங்கயும் தேட வேணாம்… கண்ணாடி மேல இருக்கு.