அத்திக்காய்க்குச் சட்டை

— அந்தக் கிளை இல்ல கடிகாரக்காரரே, அதுக்கு மேல. என் சுவரைத் தாண்டி நீட்டிக்கிட்டு நிக்குதே, அது.

— ஏணியில நிக்கிறவனுக்குத் தெரியாதா தையல்காரம்மா? கொஞ்சம் பொறுங்க. இதுலதான் காய் அத்தனையும் இருக்கு. இலை உதிர்ந்து முடிஞ்சப்புறம் வெட்டினா மரத்துக்கு நல்லதுன்னு என் பொண்ணு சொல்றா.

— பழம் உங்களுக்கு, குப்பை எனக்கா? காலையில நான் கூட்டுறேன், சாயங்காலம் பாவம் என் பையன் கூட்டுறான். அவனையே வெட்டுடான்னு சொன்னா, அத்திப்பால் பட்டா உடம்பு அரிக்குமாம். முப்பது வயசு ஆம்பளை!

— அரிக்கத்தான் செய்யும்.

— அவனுக்கு எதைச் சொன்னாலும் அரிக்கும். பொண்ணு பார்க்கலாம்னு வாயைத் திறந்தாப் போதும், தைக்கிற வேலை கிடக்குன்னு மெஷின்ல போய் உட்கார்ந்துக்குவான். இவனுக்கு ஒருத்தி வந்தா அவளை நான் தலையில வச்சுக் கொண்டாடுவேன். அது கிடக்கட்டும். உங்க பொண்ணு விஷயம் ஒண்ணு, சொல்லலாமா வேணாமான்னு யோசிக்கிறேன்.

— யோசிச்சு முடிச்சிருப்பீங்க. சொல்லுங்க.

— எனக்கென்ன வந்தது? சாயங்காலமானா மரத்தடியே கதின்னு நிக்கிறா. நுனியைக் கிள்ளுறா, வேர்ல சாம்பல் போடுறா, அப்புறம் தனியா சிரிக்கிறா. மரத்தைப் பார்த்து யாராவது சிரிப்பாங்களா?

— பழுத்தா காம்பு வளைஞ்சு தொங்கும், அதைப் பார்ப்பா.

— காம்பைப் பார்க்கப் புது உடுப்பு எதுக்கு? அதுவும் நான் தைச்சுக் கொடுத்தது! எவனோ இருக்கான். இந்தத் தெருவுல எனக்குத் தெரியாம ஒரு ஈ பறக்காது. ஆனா அவன் எந்த வழியா வர்றான்னுதான் பிடிபடலை.

— எனக்கும் எங்கேயோ ஒரு சக்கரம் வழுக்குதுன்னு தோணிச்சும்மா. வர்ற வரனையெல்லாம் ‘அத்தி பழுக்கட்டும்ப்பா’ன்னு தள்ளுறா. அதான் நீங்க சொன்னதும் ரம்பத்தை எடுத்துட்டேன். கிளை போனா அந்தச் சாக்கும் போகும்.

— அப்ப அறுங்க, யாருக்காகப் பார்க்குறீங்க? ஆமா, காய்க்கெல்லாம் என்ன துணி மாட்டி வச்சிருக்கு?

— குருவி கொத்தாம இருக்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பை. கடையில வாங்கினாளாம். ஒண்ணை அவுத்துப் போடுறேன், பிடிங்க.

— கடையிலயா? எந்தக் கடைக்காரன் இப்படித் தைப்பான்? ஓரத்தை ரெண்டா மடிச்சு, சுருக்குக் கயிறு கோத்து, காய்க்கு அளவெடுத்த மாதிரி... வேலை தெரிஞ்ச கை. இருங்க, இந்தச் சாம்பல் நிறக் கோடு...

— என்னம்மா?

— இது வாத்தியார் பேண்ட் துணி!

— கணுக்கால் தெரிய நடந்து போறாரே, அந்தப் பேண்டா?

— துணி பத்தலைன்னு என் பையன் சொன்னான். அதை நம்பி, குறைச்சலா கொண்டு வந்துட்டு என்னைக் குறை சொல்றீங்களான்னு கடை வாசல்லயே அந்த மனுஷனை வாங்கு வாங்குன்னு வாங்கினேனே!

— அப்ப இந்தப் பச்சைப் பை?

— டாக்டரம்மா வீட்டுத் திரைச்சீலை. பக்கத்துல அந்த நீலம்... அடப்பாவி! என் பாவாடை! கொடியிலிருந்து காத்து கொண்டுபோச்சுன்னான்!

— தையல்காரம்மா... எந்த வழியா வர்றான்னு கேட்டீங்களே?

— எங்க வர்றான்? என் சுவருக்கு இந்தப் பக்கமே துடைப்பத்தோட நிக்கிறான். அம்மாவுக்காகக் கூட்டுறான்னு நான் உருகிப் போயிருந்தேன்.

— ம்... சரி, இப்ப நான் என்ன செய்ய? அறுக்கலாம்னு கிளையில ரம்பம் வச்சாச்சு.

— கையை எடுங்க அதுலேருந்து! ஒரு பிஞ்சு உதிரக் கூடாது. ரம்பத்தைக் கீழ போட்டுட்டு, பார்த்து மெல்ல இறங்குங்க, சம்பந்தி!