மூன்றாவது கேம்

எங்கள் ஆபீஸ் ஷட்டில் போட்டியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, சார். ஒரு குரூப் போட்டோ, மறுநாள் எல்லோருக்கும் தொடை வலி, அவ்வளவுதான். பதினோரு வருடமாக அதை நடத்துகிறவன் நான். பெயர் எழுதுவது, சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் என்று முடிவு செய்வது, வலை கட்டுவது, எல்லாம் என் பொறுப்பு.

ஆறு வருடமாக இறுதி ஆட்டம் எனக்கும் வரைபடப் பிரிவுக்காரருக்கும்தான். கையும் காலும் நீளம் என்பதால் அவரைக் கொக்கு என்போம், அவரும் சிரித்துக்கொள்வார். ஆறு முறையும் அவரே ஜெயித்தார். ஒவ்வொரு முறையும் வலைக்கு அடியில் குனிந்து வந்து, என் தோளில் கை போட்டு, "அடுத்த வருஷம் உங்களுக்குத்தாண்ணே" என்பார். மனசாரத்தான் சொல்வார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த வருடம் போட்டிக்கு நான்கு நாள் முன்பு அவர் மனைவி போன் செய்தார்.

"அண்ணே, இவருக்கு இதயத்துல கோளாறாம். ஓடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் சொன்னா காதுல போட்டுக்க மாட்டேங்கறார். நீங்க சொன்னா கேப்பார். இல்லேன்னா பேரையாவது அடிச்சிருங்க."

"நான் பாத்துக்கறேம்மா. நீ கவலைப்படாம இரு."

பட்டியல் என் மேஜை மேல்தான் இருந்தது. பேனாவைத் திறந்தேன். வளர்ந்த மனிதர், தன் உடம்பு தனக்குத் தெரியாதா என்று தோன்றியது. மூடி வைத்துவிட்டேன். அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இறுதி ஆட்டத்தில் ஆளுக்கொரு கேம் எடுத்திருந்தோம். மூன்றாவதில், பதினான்குக்குப் பன்னிரண்டு என்று நான் முன்னால் இருந்தபோது, அவர் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்தேன். ஷட்டில் மூன்று முறை எனக்கு வாகாக உயர்ந்து வந்தது. ஓங்கி அடித்து முடித்திருக்கலாம். அடிக்கவில்லை. பின்மூலைக்குத் தூக்கினேன், ஓடினார். வலையோரம் மெல்லப் போட்டேன், ஓடி வந்தார். மறுபடியும் பின்மூலை. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். நான் இத்தனை பொறுமையாக ஆடி அவர்கள் பார்த்ததில்லை.

ஒரு கட்டத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். நடுவராக இருந்த டைப்பிஸ்ட் அம்மா என்னைப் பார்த்து, "நிறுத்திடலாமா?" என்றார்.

"மூச்சு வாங்குது, வேற ஒண்ணுமில்ல. கொக்குக்கு இதெல்லாம் பழக்கம்."

கொக்கும் குனிந்தபடியே தலையாட்டினார். நான் சர்வீஸ் போட்டேன்.

இருபதுக்குப் பதினைந்தில் பின்மூலையில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவர் சாமான்களை எடுத்துப்போக மனைவி வந்தார். ஷூவைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க சொல்லியுமா அண்ணே அவர் கேக்கல?"

"எவ்வளவோ சொன்னேம்மா. கேக்கல."

அவர் முகம் இறுகிப்போனது. "அவ்வளவு பிடிவாதம். என்னையும் பொண்ணையும் ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்தாரா?" அதற்குப்பின் அவர் அழவில்லை. வீட்டில் இன்னும் கணவர் படத்தை மாட்டவில்லையாம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஷட்டில் கூடத்துக்குத் தனியாகப் போகிறேன். பின்மூலைக்கு ஒரு ஷட்டிலைத் தூக்கிவிட்டுக் காத்திருப்பேன். தரையில் ஷூ தேயும் சத்தம் கேட்கும், சார். மூன்று அடி. வலைக்குத் திரும்பி வரும் சத்தம் மட்டும் கேட்காது. கேட்கும் வரை நிற்கலாம் என்று நிற்பேன். யாராவது வந்து கூப்பிடுவார்கள்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அவர் விழும்வரை ஓடவிட வேண்டும் என்றுதான் ஓடவிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஆட்டம் பாதியில் நின்றதால் ரத்து என்று விசாரணை அறிக்கையில் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை, சார். அவர் விழுவதற்கு முன்பே ஷட்டில் தரையில் விழுந்துவிட்டது. கோட்டுக்கு உள்ளேதான். இருபத்தோராவது பாயிண்ட் எனக்குத்தான். டைப்பிஸ்ட் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.