தண்ணீரில் நின்ற தாகத்தைக் கண்டுசொன்ன ஜனாபா ஸுஹைனா றமீஸ் அவர்களுக்கு

வாவிக்கரை வரம்புகள் எல்லாம் தங்கள் வருகையை அறியும். வட்டைக்கு வட்டை வயல்வெளிகள் தங்கள் வார்த்தையை அறியும். முப்பத்தொரு ஆண்டுகள் விவசாயப் போதனாசிரியராய் விளங்கி, நாளை முதல் வீட்டுத் தோட்டத்துக்கு மட்டும் புத்திமதி சொல்லப்போகும் எங்கள் பெருமதிப்புக்குரிய ஸுஹைனா மிஸ் அவர்களே!

பயிரின் பசி வேறு, தாகம் வேறு என்று பள்ளி காணாதவருக்கும் புரியப் பகர்ந்த பண்பாளரே! மண்ணின் நீரை வேர்மயிர் வாங்குவதையும், அந்நீர் கலச்சுவர்களில் ஊறி உட்சென்று, தண்டின் குழாய்கள் வழியே இலைநுனிவரை ஏறுவதையும், இலை சமைத்த உணவு வேறு வழியால் வேருக்கு இறங்குவதையும் தாங்கள் விளக்கினால், கூட்டத்துக்குப் பிந்தி வந்தவரும் மடித்த வெற்றிலையை வாயில் போட மறந்திருப்பார். ஆனால் அந்த விளக்கத்துக்குப் பின்னால் ஒரு பிழை உண்டு. அதை மறைத்து எழுதினால் இம்மடலைத் தாங்களே திருப்பித் தந்துவிடுவீர்கள்.

ஏழு ஆண்டுகளுக்கு முந்திய கோடைச் சிறுபோகம் அது. மண்டூர்ப் பக்கம் வாவியோரத்து வயல்வட்டை ஒன்றில் நெல் வேளாண்மை நுனி கருகி மஞ்சளாகிறது என்று, அங்கே நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை இளையதம்பி ஓடிவந்தார். போய்ப் பார்த்தால் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர். தண்ணீர் நிற்கும் வயலில் தாகத்தை யார் தேடுவார்? பசளைக் குறைவு என்றீர்கள், உடன்வந்த நிலையத்தார் நாங்களும் தலையாட்டினோம், விவசாயிகள் யூரியா விசிறினார்கள். பத்து நாளில் பாதி வட்டை எரிந்துபோயிற்று.

மறுபடியும் போன தாங்கள் வரம்போரத் தண்ணீரை விரலால் தொட்டு நாவில் வைத்தீர்கள். உப்புக் கரித்தது. கடல்நீர் கலக்கும் வாவிக்கும் வயலுக்கும் நடுவிலுள்ள அணையின் அடியில் இருந்த வெடிப்பால் வாவி நீர் நாட்கணக்காய் உள்ளே கசிந்திருக்கிறது. வெளியே உப்பு மிகுந்தால் வேரால் நீரை இழுக்க முடியாது. உள்ளே இருப்பதையும் இழந்துவிடும். இதைக் காட்ட, விவசாயிகள் கூட்டத்துக்கு இரண்டு ஜாம் போத்தல்களோடு வந்தீர்கள். ஒன்றில் கிணற்று நீர், மற்றதில் வாவி நீர், இரண்டிலும் வேரோடு பிடுங்கிய காசித்தும்பை. கூட்டம் கலைவதற்குள் வாவி நீரில் நின்ற செடி தலை தொங்கிவிட்டது. அப்போது எழுந்து நின்று சொன்னீர்கள்:

“தண்ணிக்குள்ள நிண்டும் தவிச்சுத்தான் உங்கட வேளாண்ம செத்திருக்கு. பசளை போடச் சொன்னது நான். பிழை என்ட.”

மேலிடத்துக்கான அறிக்கையிலும் அதையே எழுதினீர்கள். விவசாயிகள் அளவு மீறிப் பசளை போட்டார்கள் என்று எழுதினால் எவருக்கும் தலைவலி இல்லையே என்றோம் நாங்கள். அப்படி எழுதினால் அணையின் வெடிப்பு எவர் கண்ணிலும் படாது, அடுத்த போகமும் எரியும் என்றீர்கள் தாங்கள். பதவி உயர்வுக்கான நேர்முகத்துக்கு அப்போது மூன்று வாரமே இருந்தது. சாட்சிக்கு எங்கள் ஒப்பத்தைக் கேட்டீர்கள். ஒருவரும் இடவில்லை. தனியே ஒப்பமிட்டு அனுப்பினீர்கள்.

பதவி உயர்வு வரவில்லை, அணை திருத்தப்பட்டது. மாரி மழை உப்பைக் கழுவியபின் அந்த வட்டை மீண்டும் பச்சையாய் நின்றது. இளையதம்பி முதற்கதிர்க் கட்டோடு வந்து, எங்கள் மேசைகளையெல்லாம் கடந்துபோய், தங்கள் மேசையில் வைத்தார். அன்று நாங்கள் கோப்புகளைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டோம்.

அதன்பின் எந்த வாய்க்காலைக் கண்டாலும் விரலை நனைத்து நாவில் வைப்பது தங்கள் வழக்கமாயிற்று. நிலையத்துத் தேநீரையும் அப்படித்தான் சோதிக்கிறீர்கள் என்று தேநீர் போடும் றிஷாட் இன்றுவரை முறையிடுகிறார். புதிதாய் வந்த போதனாசிரியர்களும் இப்போது வயலில் முதலில் நாவைத்தான் நீட்டுகிறார்கள். பிழையை மறைக்காத ஒருவரிடம் பழகியதால் அவர்களுக்கு அது வெட்கமாய்த் தெரிவதில்லை.

முழங்கால் வலியும் முன்கோபமும் குறைய, பேரப்பிள்ளைகளும் கத்தரிக் கன்றுகளும் சொல்வழி கேட்க, அன்பும் ஆரோக்கியமும் அகலாதிருக்க, தாங்கள் நெடுநாள் வாழ எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம்.

மிஸ், இந்த ஏழு ஆண்டுகளில் ஒரு நாளாவது நாங்கள் அன்று பின்வாங்கியதைச் சொல்லிக்காட்டியிருந்தால் எங்கள் மனம் ஆறியிருக்கும். தாங்கள் சொல்லிக்காட்டவே இல்லை. அந்த அறிக்கையின் பிரதியைக் கோப்பிலிருந்து தேடியெடுத்தோம். சாட்சிகளுக்கென்று தாங்கள் விட்டிருந்த ஆறு வரிகளும் இன்னும் வெறுமையாய்த்தான் கிடந்தன. இன்று காலை அவற்றில் ஒப்பமிட்டோம். இம்மடலோடு அதையும் ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துத் தருகிறோம்.

இங்ஙனம்,
அன்று ஒப்பமிடாத
நிலைய உத்தியோகத்தர் அறுவர்