அழைத்தோம், எடுக்கவில்லை

எனக்குப் போனில் பேசுவது சிறுவயதிலிருந்தே பிடிக்காது. பத்தொன்பது வருடம் அரசு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நோயாளிகளுக்குப் போன் போட்டே பிழைத்தவன் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆப்பரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் என் பொறுப்பு. முறை வந்ததும் கூப்பிட்டு நாள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை.

விசாரிக்க வந்த நீங்கள் கேட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன். சீர்திருத்தம் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வருடக் கடைசியில் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருப்பவர்கள் நூறு பேரைத் தாண்டினால் அந்த ஆஸ்பத்திரிக்கு நிதி கிடையாது, ஆப்பரேஷன் பிரிவை இழுத்து மூடிவிடுவார்கள். எங்களிடம் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இருந்த டாக்டர்கள் இரண்டே பேர். மயக்க மருந்து கொடுப்பவர் வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். தலைகீழாக நின்றாலும் வருடக் கடைசிக்குள் அது ஆகிற காரியமில்லை. அடுத்த ஆஸ்பத்திரியோ பஸ்ஸில் நான்கு மணி நேரம். எங்களுடையதை மூடினால் எத்தனை பேர் வழியிலேயே போய்ச் சேருவார்கள் என்று நினைத்து எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அதே சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை அழைத்தும் எடுக்காதவருக்கு ஆப்பரேஷன் தேவைப்படவில்லை என்று கருதிப் பெயரை நீக்கலாம். முதல் வாரம் நியாயமாகத்தான் கூப்பிட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் எடுத்தார்கள். மாதக்கணக்காகப் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறார்கள், பாவம். எடுக்காதது, அதே பட்டியலில் இருந்த என் அக்கா மட்டும்தான். அப்போது அவள் குளித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதையும் மறைக்காமல் பதிவேட்டில் எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிட ஆரம்பித்தேன். எத்தனை முறை அடிக்க விட வேண்டும் என்று சுற்றறிக்கையில் எங்கும் இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மூட்டுக்குக் காத்திருப்பவர்கள் எழுந்து வருவதற்குள் ஓய்ந்துவிடும். கண்ணுக்குக் காத்திருப்பவர்கள் தடவித் தேடி எடுப்பதற்குள்ளும் அப்படியே. எங்கள் எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட முடியாது. சிலர் அலைந்து நேரில் வந்தார்கள். அவர்களை மரியாதையாக உட்காரவைத்து, புதிதாகப் பதிந்து, பட்டியலின் கடைசியில் சேர்த்தேன். ஒருவரிடமும் நான் முகம் கடுத்ததில்லை.

கண்காணிப்பாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "எப்படிய்யா குறைஞ்சுது?" என்றார்.

"கூப்பிட்டேன் சார். எடுக்கலை."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

கடைசி நாள் மதியம் நூற்றியொரு பேர் மிச்சம். மற்ற நூறு பேரும் முதல் மணியிலேயே பாய்ந்து எடுக்கிற ரகம். ஒரு தடவை எடுக்காமல் விட்டதாகப் பதிவாகியிருந்தது அக்கா பெயரில் மட்டும்தான். இதய வால்வு அவளுக்கு. அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். பட்டியலில் சேர்ந்தபோதே, "கொஞ்சம் முன்னாடி தள்ளி விடேன்டா, மூச்சு வாங்குது" என்று கேட்டிருந்தாள். சொந்தபந்தம் பார்த்து வேலை செய்கிறவன் நானில்லை என்று அவளுக்குப் புரியவைத்திருந்தேன். அன்றைக்கும் பார்க்கவில்லை. எண்ணை அழுத்தினேன்.

சாயங்காலம் என் கைபேசிக்குக் கூப்பிட்டாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சுடா. அடுப்படியிலேர்ந்து வர்றதுக்குள்ள நின்னுபோச்சு. என்னன்னு கேட்டுச் சொல்றியா?"

"கேட்டுச் சொல்றேன்க்கா."

"நேர்ல வரட்டுமா?"

"எதுக்கு? நான்தான் இருக்கேனே."

"அதுவும் சரிதான். நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை."

அதன்பிறகு வாரம் ஒரு தடவை, "கேட்டியாடா?" என்பாள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பேன். ஐந்தாவது வாரம் அவள் கூப்பிடவில்லை. அடுப்படியில் விழுந்து கிடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பார்த்தார். நான் மூன்று நாள் விடுப்பு எடுத்து எல்லாக் காரியங்களையும் குறைவில்லாமல் செய்தேன். அழுதேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பெயர் நீக்கிய இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் இறந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். அக்காவைச் சேர்த்தா, சேர்க்காமலா? சரியாக எழுத வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன். ஆஸ்பத்திரிக்கு நிதி வந்தது. ஆப்பரேஷன் அறைக்குப் புது விளக்கு போட்டிருக்கிறார்கள், வரும்போது பார்த்திருப்பீர்கள்.

செய்ததை ஒப்புக்கொள்கிறேன். பதிவேட்டில் பொய்யாக ஒரு வரிகூட இல்லை. அழைத்தோம், எடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் மனதை உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் இரண்டு முறைதான் மணி அடிக்க விட்டேன், அக்காவுக்கு மட்டும் மூன்று. சொந்தம் என்று பார்த்துச் சலுகை காட்டியது அந்த ஒரு தடவைதான்.